பிரச்சார வண்டியில் ஒரு தும்மல்

மார்ச் 3, இரவு

என் குச்சிக்கு,

"எப்படி இருக்கிறாய்?" என்று எழுதி அடித்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் உன் ஜியாமெட்ரி பெட்டியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் உன் அப்பாவைக் கண்டெடுத்த நாளே, "சர்வேயர் வீட்டுப் பக்கம் போகாதம்மா, இப்ப நேரம் சரியில்ல" என்று என் அப்பா சொல்லிவிட்டார். நீங்கள் வீட்டைக் காலி செய்த காலையில் நான் மாடி ஜன்னலில்தான் நின்றேன். வேனின் மேல் கட்டியிருந்த உன் சைக்கிளின் மணி, பள்ளம் மேடெல்லாம் தானாக அடித்துக்கொண்டே போனது. உன் அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இப்போது எங்கள் வீடு வீடாக இல்லை. அப்பா தேர்தலில் நிற்பது உனக்குத் தெரிந்திருக்கும். வாசல் முழுக்கச் செருப்பு. என் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் முதல் மணி அடித்துவிடுகிறது. வேட்பாளர்கள் தங்கள் மேல் இருக்கிற கேஸ்களைப் பேப்பரில் போட்டாக வேண்டுமாம். அப்பாவுக்குப் பதினொன்று. உள்பக்கத்து மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பூதக்கண்ணாடி கேட்டேன். கூடமே சிரித்தது. கட்சியின் மாவட்டத் தலைவர் என் தலையில் தட்டி, "பாப்பா, கேஸ் இல்லாதவனுக்கு எந்தக் கட்சி சீட் குடுக்கும்? கேஸ் இருக்குன்னா ஆள் இருக்கு, பணம் இருக்கு, தைரியம் இருக்குன்னு அர்த்தம்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. உன் அப்பா விஷயத்தை விசாரித்த இன்ஸ்பெக்டரும் அங்கேதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

நீ எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது பலித்துவிட்டது. "என் அப்பாவுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று நான் பேசியதைப் பிரச்சார வண்டியில் மைக் கட்டி ஊர் ஊராகப் போடுகிறார்கள். வண்டி எங்கள் தெருவுக்கு வந்தால் காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் மாமா ஊரும் இதே தொகுதிதான். வண்டி வந்தால் கதவைச் சாத்திக்கொள். தயவுசெய்து.

என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்று வலி என்று சொல்வேன். பதிலைத் தையல் டீச்சர் வீட்டு முகவரிக்குப் போடு. அவர் எதுவும் கேட்காமல், "என் பேரைச் சரியா எழுதச் சொல்லு, போஸ்ட்மேன் சண்டைக்கு வருவார்" என்று மட்டும் சொன்னார்.

உன்,
ரேடியோ


மார்ச் 9

ரேடியோவுக்கு,

"அன்புள்ள" போடவில்லை. அந்த அளவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா வீடு ஒரு இஸ்திரிக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. சுவர் எப்போதும் சூடு. அம்மா ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போவதையெல்லாம் மறுபடி மடித்து அடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தும் கை நிற்பதில்லை. நேற்று மாமாவின் கைக்குட்டையைக்கூடப் புடவை மாதிரி மடித்து வைத்திருந்தாள். மாமா, "அக்கா, இதுக்கு எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்டார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அம்மா கொஞ்சம் சிரித்தாள்.

கதவைச் சாத்திக்கொள் என்று எழுதியிருந்தாய். உனக்கு என்னைத் தெரியாதா? திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

முந்தாநாள் சாயங்காலம் வண்டி வந்தது. உன் குரல். "என் அப்பா யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்" என்கிறாய். அங்கே ஒரு சின்ன இடைவெளி. பாட்டுச் சத்தத்துக்கு அடியில் ஒரு தும்மல். நான் உன் குரலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். "அப்பா வந்துட்டாருடி" என்றாள்.

வண்டி போய்விட்டது. தெருவில் யாரும் இல்லை. அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மனசு பேதலித்துவிட்டதோ என்று நான் பயந்துபோனேன். வண்டி திரும்பி வந்தபோது நானும் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். தும்மலுக்குப் பிறகு "அப்பாடா" என்று வருகிறது, ரேடியோ. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தும்மலாம். இப்படித் தும்மிவிட்டு இப்படி "அப்பாடா" சொல்கிற ஆள் ஒருவர்தான்.

அப்பா அன்றைக்கு யாரையும் பார்க்கப் போகவில்லை, குடித்துவிட்டுக் குவாரி ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, கால் தவறி விழுந்தார் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். அன்று தலைநகரில் கட்சி ஆபீஸில் இருந்ததாக உன் அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். மாவட்டத் தலைவர் அதற்குச் சாட்சி.

என் அப்பா அன்று உன் வீட்டுக்கு வந்தாரா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

குச்சி


மார்ச் 14, இரவு

குச்சி,

வந்தார்.

இதை எழுதிவிட்டு வாளியிலிருந்து எழுந்து குழாயைத் திறந்துவிட்டேன். நான் அழுவது வெளியே கேட்கக் கூடாது.

அன்று அப்பா வீட்டில்தான் இருந்தார். சீட் இன்னும் அறிவிக்கவில்லை, ஆனால் கிடைத்த மாதிரிதான் என்று மைக்செட்காரரை வரச் சொல்லியிருந்தார். மாடி அறையில் ஜன்னலுக்கு மெத்தையை நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பேச வைத்தார்கள். மைக்செட்காரருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் மைக்கில் தேதியைச் சொல்வார், யாருக்காக என்று சொல்வார், பேசுவது யார், எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது தடவைப் பதிவு என்று சொல்வார். "இல்லேன்னா எல்லாம் கலந்துபோயிடும் பாப்பா" என்பார். பிறகு, "ம், ஆரம்பி."

மூன்றாவது டேக்கில் கீழே உன் அப்பா தும்மினார். அவருக்கு எப்போதும் மூன்று தும்மல்தானே, முதல் தும்மலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருந்தபோது அவர் இரண்டு தும்மி நிறுத்த, மொத்த ஹாலும் மூன்றாவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தலைமை ஆசிரியையே, "முடிச்சிடுங்க சார், அப்புறம் நான் பேசறேன்" என்றாரே. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியதால்தான் என் குரல் அந்த இடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் அந்த டேக்கையே எடுத்துக்கொண்டார்கள். "தும்மல் மேல பாட்டைப் போட்டு மூடிடலாம்" என்றார் மைக்செட்காரர். இரண்டை மூடிவிட்டார். மூன்றாவது பாட்டின் இடைவெளியில் விழுந்துவிட்டது.

நான் பேசி முடித்த பிறகும் அவர் மைக்கை நிறுத்த மறந்துவிட்டார்; கீழே பேசியதும் பதிவாகிவிட்டது. கீழே அப்பா, "ஒரு கையெழுத்துதானே சார், ஏரிக்கரை எங்க இடம்னு நாங்க சொல்லல, நீங்க சொல்லப் போறீங்க" என்கிறார். உன் அப்பா, "அளந்ததைத்தான் எழுத முடியும். கரையில பாதி உங்க குவாரிக்குள்ள போயிடுச்சு" என்கிறார். அப்புறம் ஒரு நாற்காலி விழுகிறது. மைக்செட்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

நான் இறங்கி வந்தபோது உன் அப்பா இல்லை. பின்வாசலில் குவாரி ஆட்கள் இரண்டு பேர் அவருடைய ஸ்கூட்டரைத் தூக்கிக் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "சர்வேயர் மாமா எங்கப்பா?" என்று கூடத்திலிருந்த அப்பாவிடம் கேட்டேன். "அவர் இங்க எதுக்கு வர்றாரு? நீ சாப்பிட்டியா?" என்றார். எனக்குப் பிடிக்கும் என்று தட்டில் முட்டையை உரித்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டேன், குச்சி. மறுநாள் காலையில்தான் செய்தி வந்தது.

பேசினவர்களுக்குப் பதிவின் நகல் ஒன்று கொடுப்பது மைக்செட்காரர் வழக்கம். தேதி, தும்மல், நாற்காலி எல்லாம் அந்த மெமரி கார்டில் இருக்கிறது. நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டு ஆண்கள் யாரும் தொடாத இடம் அது ஒன்றுதான்.

அப்பாவை நீ ராட்சசன் என்று நினைப்பாய். நினைக்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் அம்மா செத்த பிறகு எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டவர் அவர். தண்ணீர் லாரி வராத தெருவுக்கு அவர் லாரிதான் போகிறது. ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் அவர் காருக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். அதனால்தான் ஓட்டுப் போடுகிறார்கள். எல்லாம் தெரிந்தேதான் போடுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்? எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான்.

ரேடியோ


மார்ச் 20

அன்புள்ள ரேடியோவுக்கு,

இந்தத் தடவை போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். மறைக்க முடியவில்லை. அம்மா படித்துவிட்டு, "அவர் குடிக்கலன்னு அதுல தெரியுதாடி?" என்று மட்டும் கேட்டாள். அவள் மனசை அரிப்பது அதுதான். இருமல் மருந்து குடித்தாலே இரண்டு நாள் தூங்குகிற மனிதரைக் குடிகாரர் என்று அரசாங்கத் தாளில் எழுதி, முத்திரையும் வைத்துவிட்டார்கள். அவர் ஆபீஸில்கூட யாரும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்த சர்வேயர் முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

உன் அப்பா உனக்குத் தலை பின்னினார். என் அப்பா எனக்கு ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போடச் சொல்லித் தந்தார். இதை உன்னைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தக் கார்டை எனக்கு அனுப்புவாயா? கட்டாயப்படுத்தவில்லை. கேட்கிறேன். கேட்காமல் இருந்தால் நான் அவருக்கு மகளா?

குச்சி


மார்ச் 30, இரவு

குச்சி,

அப்பா ஜெயித்துவிட்டார். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். இங்கே வெடித்த வெடியில் பக்கத்து வீட்டு நாய் இன்னும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. காலையில் கார் வந்து நின்றதும் இன்ஸ்பெக்டர் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். நேற்று வரை அப்பாவை "அண்ணே" என்றவர் இன்று "ஐயா" என்கிறார்.

நன்றி சொல்லிப் பேச வேண்டும் என்று சாயங்காலம் மறுபடி மைக்செட்காரரை வரச் சொன்னார்கள். கூடம் நிறைய ஆட்கள். அவர் பாவம், கலகலப்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஐயா, போன தடவை மாதிரி கீழே யாரும் தும்மாம பாத்துக்குங்க. அந்த ஒரிஜினலை நான் அழிச்சிட்டேன், இப்ப பாப்பாகிட்ட மட்டும்தான் இருக்கு. பத்திரமா வெச்சிக்க பாப்பா, நாளைக்கு மந்திரி மகள் ஆனா விலைக்குப் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பயந்திருந்தார், குச்சி. இவ்வளவு பேரைப் பயமுறுத்துகிற என் அப்பா என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் கார்டு எங்கம்மா?"

"எங்கயோ வெச்சேம்ப்பா. தேடணும்."

"தேடு. காலையில குடு. அப்பாவுக்கு ஞாபகார்த்தமா வேணும்."

போகும்போது மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போனார். எனக்குச் சளி பிடிக்குமாம்.

ஸ்கூல் பேச்சுப் போட்டியில் நான் பேசிய கார்டு ஒன்று இருக்கிறது. காலையில் அதைக் கொடுப்பேன். அவர் போட்டுக் கேட்கும் வரைதான் எனக்கு நேரம். உண்மையான கார்டு இந்தத் தாளின் மடிப்புக்குள் இருக்கிறது. மடிப்பைக் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி.

கேட்டுப் பார். அப்புறம் என்னை வெறுக்காதே.

ரேடியோ


ஏப்ரல் 6

என் ரேடியோவுக்கு,

கேட்டோம். மாமாவின் போனை நடுவில் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் தும்மலுக்கு அம்மா தன்னை அறியாமல், "ஒண்ணு" என்றாள். மூன்றாவது வந்ததும் சிரித்துவிட்டாள். நாற்காலி விழுந்த சத்தத்துக்குப் பிறகு சிரிக்கவில்லை. "பாத்தியா, நிதானமாத்தான் பேசறார். வாய் குழறல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாமாவுக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவர் இருக்கிறார். இன்ஸ்பெக்டரிடம் போகாமல் நேராக நீதிபதியிடம் கொடுக்கலாம் என்கிறார். ஆனால் குரலைப் போலியாகச் செய்ததாகச் சொல்லிவிடுவார்களாம். அதிலே பேசுகிற பெண்ணே வந்து, இது என் குரல், அன்று எங்கள் வீட்டில் எடுத்தது, ஸ்கூட்டரை நான் பார்த்தேன் என்று சொன்னால்தான் நிற்குமாம்.

எனக்கு முன்னால் அம்மா பதில் சொல்லிவிட்டாள். "அந்தப் பொண்ணை இழுக்காதீங்க. அதுவும் குழந்தைதான். அப்பனை விட்டா அதுக்கு யாரு இருக்கா?" வக்கீல் அம்மா பேனாவை மூடிவிட்டார்.

அதனால் நீ வர வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். இனிமேல் எழுதவும் வேண்டாம், உனக்கு ஆபத்து. நான் உன்னை வெறுக்கவில்லை. கொஞ்ச நாள் முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வா. அம்மா உன் துப்பட்டாவைக்கூட மடித்துத் தருவாள்.

உன்,
குச்சி


ஏப்ரல் 11, இரவு

என் குச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

அப்பா அந்தக் கார்டை நேற்றுத்தான் போட்டுக் கேட்டார். பதவி ஏற்பு, வரவேற்பு என்று அதுவரை நேரம் இல்லை. "மரம் வளர்ப்போம்" என்று நான் கத்திப் பேசுவதைக் கடைசி வரை கேட்டுவிட்டு என் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"நீ அன்னைக்கி என்னம்மா பாத்த?"

"ஸ்கூட்டரைத் தூக்கி ஏத்தினதை."

என் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மிரட்டி அனுப்புங்கடான்னுதான் சொன்னேன். அவனுங்க கை மீறிப் போயிட்டானுங்க" என்றார்.

"அதைப் போலீஸ்ல சொல்லிடலாமேப்பா."

"எந்தப் போலீஸ்ல? அந்த இன்ஸ்பெக்டரை இங்க வெச்சிக்கறதா, மாத்தறதான்னு நேத்து என்கிட்டதாம்மா கேட்டாங்க." பெருமையாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மாதிரி சொன்னார். "இந்தப் பதவி இல்லேன்னா என்னை எப்பவோ உள்ள வெச்சிருப்பானுங்க. உனக்காகத்தான் எல்லாம். வெளிநாட்டுல நல்ல ஸ்கூலா பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை கிளம்பு."

உன் அம்மா என்னைக் குழந்தை என்று சொன்னதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? என் வீட்டில் என்னை வாயைத் திறக்கச் சொன்னவர்களும், இப்போது மூடச் சொல்கிறவர்களும் எனக்காகத்தான் என்கிறார்கள். வேண்டுமென்று கேட்க எல்லாக் காரணமும் இருக்கிற உன் அம்மா ஒருவர்தான் வேண்டாம் என்றார். அதனால் வருகிறேன்.

வெள்ளிக்கிழமைக் காலை பள்ளிக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்புவேன், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். தையல் டீச்சர் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னபோது தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "நிஜமாத்தானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம், "காலையில ஏதாவது சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்துல பேசினா குரல் நடுங்கும்" என்றார். வக்கீல் அம்மாவை நீதிமன்ற வாசலில் நிற்கச் சொல். நீயும் நில். என் குரல் உடைந்தால் சிரித்துவிடாதே.

அப்பாவின் சர்க்கரை மாத்திரை எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். காலைக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாகப் பிரித்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டேன். இனிமேல் அவரே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீதிபதி முன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பயந்து கிடந்தேன். இப்போது குளியலறைக் கண்ணாடி முன் நின்று மைக்செட்காரர் மாதிரி சொல்லிப் பார்த்தேன். முதலில் தேதி. யாருக்காக? சர்வேயருக்காக. பேசுவது வேட்பாளரின் மகள். டேக் ஒன்று.

ம், ஆரம்பி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சமெல்லாம் தானாக வந்தது, குச்சி. தும்மல் மூன்றும் வந்தன. இந்தத் தடவை மேலே யாரும் பாட்டுப் போட மாட்டார்கள்.

உன்,
ரேடியோ